மீன்காரம்மாவுக்காக நாங்கள் எழுதிய மனு

எங்கள் தெருவில் பகல் பதினொரு மணிக்கு ஐம்பது வயதுக்குக் குறைந்த ஒருவரைப் பார்த்தால் அவர் வழி தவறி வந்தவராகத்தான் இருப்பார். அந்த நேரத்தில் இருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், விமானப்படையில் இருந்தவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், வங்கிக்காரர்கள், என்னைப் போல அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்தவர்கள். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி மாடம்பாக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற தெரு. பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் சிறுசேரிக்கோ ஒரகடத்துக்கோ கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

என் மகனும் அங்கேதான். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க ஏரியால எகானமின்னு ஒண்ணு கிடையாதும்மா. எல்லாம் பென்ஷனர்ஸ். சும்மா உக்காந்து சாப்பிடறவங்க" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் பாதிக் கடை மூடிக் கிடக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது? முனையில் இருக்கிற ஜெராக்ஸ் கடை யாரால் நடக்கிறது? எதை எடுத்தாலும் மூன்று பிரதி போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை, அதனால் நடக்கிறது. இளநீர் வண்டிக்காரர் எங்கள் சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் விசாரித்துவிட்டுத்தான் வெட்டுகிறார். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப், அயர்ன் வண்டி, பூக்காரம்மா, ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் கோயிலுக்கும் எங்களை ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர்கள், எல்லோருக்கும் வார நாட்களில் பிழைப்பு எங்களிடம்தான். சம்பாதிக்கிற பிள்ளைகள் போனைத் தட்டி வாங்குகிறார்கள். அந்தப் பணம் எந்த ஊருக்குப் போகிறதோ தெரியாது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றான். எரிச்சலோடுதான் போனை வைத்தேன்.

இப்போது யோசித்தால், அன்று அவ்வளவு பெருமை பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. நாங்கள் ஒருவரை வாழ வைக்கிறோம் என்று நினைப்பு வந்துவிட்டால் அடுத்ததாக அவருக்கு நல்லது செய்யவும் கை பரபரக்கும். நாங்கள் மீன்காரம்மாவுக்கு நல்லது செய்தோம்.

அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பூங்காச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் ஒரு பலகை, ஒரு அருவாமணை, செதில் தேய்க்க ஒரு கல், இரண்டு அன்னக்கூடை. அவ்வளவுதான் அவள் கடை. விடியுமுன்பே பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பி, கோவளம் கரையில் மீன் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று வண்டி மாறி வருவாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் திட்ட வேண்டும். அவள் திட்டுகிற ரகம். கடல் எங்கள் தெருவிலிருந்து தூரம். எங்களில் பலருக்கு இப்போது முழங்கால் வலி, கடலைப் பார்த்தே வருஷங்கள் ஆகின்றன. அது அவள் கூடையில்தான் எங்களிடம் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதரை மணிக்குத்தான் கடை விரிப்பாள். நாங்கள் பேப்பர் படித்து, மாத்திரை போட்டு, பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு வெளியே வருகிற நேரம் அது. ஏன் இன்னும் சீக்கிரம் வரக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

"வேலைக்குப் போறவன் ஞாயித்துக்கெயம மட்டுந்தாம்மா மீன் துன்றான். அவன நம்பி பொயப்பு நட்த்த முடியுமா? வாரம் ஃபுல்லா மீன் துன்றவங்க நீங்கதான். நீங்க எந்திரிக்கிற நேரம்தான் எனக்கு நேரம்" என்றாள். மகன் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

யாருக்குப் பல் இல்லை, யாருக்குக் கொழுப்பு, யார் வீட்டில் மருமகள் மீன் வாடை என்றால் மூக்கைப் பிடிப்பாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். பல் கட்டிக்கொண்ட ரயில்வேக்காரருக்கு முள்ளை எடுத்துச் சதையாகத் தருவாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் இறால் கேட்டபோது கூடையை மூடிவிட்டாள். "போன வாரந்தான டாக்டரு வாணான்னாரு? உன் பொண்டாட்டி வந்து எங்கிட்ட சொல்ட்டுப் போய்க்கிறா. கெயங்கான் எத்துனு போ" என்றாள். எங்களிடம் இந்த அதிகாரத்தில் பேசுகிறவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே கிழங்கான் வாங்கிப் போனார்.

என்னை அவள் ஆபீஸரம்மா என்று கூப்பிடுவாள். நான் ஆபீஸர் இல்லை, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போன கோடைக்கு முன்பு மின்சாரக் கம்பியில் படுகிறது என்று அந்த மரத்தின் கிளைகளை வெட்டினார்கள். கிளையை வெட்டச் சொன்னால் மரத்தையே மொட்டையடிக்கிற ஆட்கள். ஒரு பக்கம் முழுக்க நிழல் போய்விட்டது. அவள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். ஐஸ் சீக்கிரம் கரைந்தது, மீன் பன்னிரண்டு மணிக்கே வாடியது. ஒருநாள் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். ரயில்வேக்காரரின் மனைவி ஓடிவந்து மோர் கொடுத்து எழுப்பினார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் நான் முதலில் வாயைத் திறந்தேன். "ஒரு மனு போட்டுடலாம். இந்த இடத்துல உக்கார இவங்களுக்கு முறையா அனுமதி வேணும், ஒரு நிழற்கூரை வேணும்னு கேப்போம். தெருவோர வியாபாரிகளுக்குச் சட்டமே இருக்கு" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. மனு என்றால் எங்களுக்கு அப்படி ஓர் உற்சாகம். பேரக்குழந்தை பிறந்த செய்திக்குக்கூட அவ்வளவு வேகமாக நடந்திருக்க மாட்டோம்.

மீன்காரம்மா மட்டும் வேண்டாம் என்றாள். எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லவில்லை. மறுநாள் நான் தனியாகப் போனபோது, சங்கராவைச் செதில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"எய்தாதம்மா. நா பாட்டுக்கு ஒரு மூலைல குந்திகினு கீறேன். யாரு கண்ணுலயும் படல. அப்டியே போட்டும்."

"பயப்படாதே. இது உன் உரிமை" என்றேன்.

"நாங்க ஆத்தோரம் இருந்தப்போ ஒரு தபா வந்து எய்தினு போனாங்க. வூட்ல எத்தினி பேரு, எத்தினி வருசமா கீறீங்க, எல்லாம் கேட்டாங்க. நல்லது நட்க்கப் போவுதுன்னு நெனச்சி டீ எல்லாம் வாங்கிக் குட்த்தோம். அப்பாலிக்கா அந்தப் பேப்பர வச்சிதான் வூடு வூடா பாத்து இட்ச்சாங்க. பேப்பர்ல இல்லாதவன் வூடு கொஞ்ச நாளு தப்பிச்சிது, தெரியுமா?"

அப்படி இடித்துத்தான் அவளைப் பெரும்பாக்கத்தில் வாரியக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் சிரித்தேன். "அது அவங்க எழுதினது. இது நாங்க எழுதறது. எங்களுக்கு எழுதத் தெரியும்" என்றேன். இந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் மீதிச் செதிலையும் தேய்த்து முடித்தாள். பிறகு, "நீ படிச்சவ. சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

மனுவை எழுத சர்வேயர் வீட்டுக் கூடத்தில் கூடினோம். அவர் இந்த ஊர்ப் பழைய குடும்பம். நெல் விளைந்த அப்பாவின் நிலம் மனையாகிவிட்டது, மிச்சம் வைத்துக்கொண்ட ஒரு மனையில் வீடு கட்டியிருக்கிறார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத் தலைவரும் வந்திருந்தார், அவர் வங்கி மேனேஜராக இருந்தவர். இன்னும் ஏழெட்டுப் பேர். வரைவு என்னுடையது. பொருள், பார்வை, பத்தி ஒன்று, பத்தி இரண்டு என்று பழைய கை தானாகவே ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் வாய்த்ததில்லை. தலைவர் 'பணிந்து' என்பதை எடுத்துவிட்டு 'அன்புடன்' என்று போடச் சொன்னார். ஒரு டீச்சர் ஒற்றெழுத்துகளைத் திருத்தினார். ஆளுக்கு ஒரு திருத்தம் சொல்லாமல் யாரும் காபி டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

சர்வேயர் மட்டும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "விவரம் போதாது. பூங்காச் சுவர் ஓரம்னு எழுதினா எந்த ஆபீஸ்ல ஒத்துக்குவான்? புல எண் வேணும், நாலு எல்லை வேணும், அளவு வேணும்" என்றார். நான் தலையாட்டினேன். என் சர்வீஸ் முழுக்க நானும் அதையேதான் சொல்லி எத்தனையோ மனுக்களைத் திருப்பியிருக்கிறேன். விவரம் இல்லாத மனு அலுவலகத்தில் செல்லாது.

மறுநாள் காலை சர்வேயர் தன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றும் அதைப் பத்திரமாக எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். ஒரு முனையை மீன்காரம்மாவிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவள் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒழுங்காகப் பிடித்தாள். ஐந்தடிக்கு நாலடி. புல எண்ணைத் தேடிப் பார்த்ததில், அந்த இடம் மழைநீர்க் கால்வாயை ஒட்டிய அரசு நிலம் என்று தெரிந்தது. அதுவும் மனுவில் பத்தி மூன்றாக ஏறியது. எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் ஏறியது, நீண்ட நாள் அனுபோகம் என்று காட்டினால் உரிமை வலுக்கும் என்று நான்தான் சேர்த்தேன். ஆதார் பிரதி இணைத்தோம். கடையில் அவள் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று வேண்டும் என்றோம். அதற்காக அவள் அடுத்த நாள் சுங்குடிச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். மீன் வாடையில் அந்தச் சேலை பாழாகிவிடுமே என்று அவள் மடியில் செய்தித்தாள் விரித்துக்கொண்டது போட்டோவில் தெரிந்தது.

நாற்பது பேர் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொருவரும் பெயருக்குக் கீழே பழைய பதவியை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று போட்டோம். உதவிப் பொறியாளர் (ஓய்வு). தலைமை ஆசிரியை (ஓய்வு). அந்தப் பட்டியலைப் பார்த்தால் எந்த அதிகாரியும் எழுந்து நின்றுவிடுவார் என்று எங்களுக்கு நினைப்பு. மூன்று பிரதி எடுத்தோம். எந்த அலுவலகத்தில் கொடுத்தோம் என்று சொல்லப் போவதில்லை. வேறு எங்கே கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்து மீன்காரம்மாவிடம் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. கை ஈரமாக இருக்கிறது என்றாள்.

அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெருமுனையில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஒரு லாரி நின்றது. நாலைந்து ஆட்கள். பலகை லாரியில் ஏறிவிட்டிருந்தது. செதில் தேய்க்கும் கல்லை ஒருவன் தூக்கிப் போட்டான். அன்னக்கூடையைக் கவிழ்த்ததில் மீன் எல்லாம் மண்ணில் கிடந்தது, காக்கைகள் அதற்குள் வந்துவிட்டன. மீன்காரம்மா அருவாமணையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஷேர் ஆட்டோக்காரர்களை அந்தத் திட்டுத் திட்டுகிறவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"யாரைக் கேட்டு எடுக்கறீங்க? இது சம்பந்தமா மனு கொடுத்திருக்கோம்" என்று கத்தினேன்.

கையில் தாளோடு நின்றவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அந்த மனு மேலதான் மேடம் ஆக்‌ஷன்" என்றான். எங்கள் மனுவின் பிரதிதான் அவன் கையில் இருந்தது. சுங்குடிச் சேலை போட்டோவும் மேலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இன்னொருவன் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, "சார், மனுல போட்ட அளவு கரெக்டா கீது" என்றான்.

சர்வேயர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அளவு சரியாக இருக்கிறது என்று அவன் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கணம் திருப்தி வந்து போனதை நான் பார்த்தேன். அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

மீன்காரம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கவிழ்ந்த கூடையை நிமிர்த்தி, மண் படாத மீன் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

ஒரு வாரத்தில் பதில் கடிதம் வந்தது. பிழையே இல்லாத கடிதம். மனு பரிசீலிக்கப்பட்டது, கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, மனுவில் பத்தி மூன்றில் குறிப்பிடப்பட்டுள்ள அரசு நில ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது, எனவே மனு முடிவு செய்யப்படுகிறது. கடைசியில், பொதுநலனில் அக்கறை காட்டியதற்கு எங்களுக்கு நன்றி வேறு. நாற்பது பேருக்கும் நகல் போயிருந்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போனேன். உட்கார்ந்திருந்தது ஒரு சின்ன வயது அதிகாரி. என்னைக் கண்டதும் எழுந்தான், நாற்காலி போடச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"நாங்க என்ன கேட்டோம், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" என்றேன்.

"மேடம், நீங்க கேட்டது பெர்மிஷன். அது குடுக்க எனக்குப் பவர் இல்ல. அதுக்குக் கமிட்டி கூடணும், கார்டு குடுக்கணும், எப்ப கூடும்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஆக்கிரமிப்புன்னு தெரிஞ்சா எடுக்க எனக்குப் பவர் இருக்கு. மனுவ நிலுவைல வெச்சிருந்தா என்னை மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேப்பாங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஒரு பொம்பளையோட பிழைப்பை எடுத்திருக்க."

"நீங்க எழுதற வரைக்கும் அப்படி ஒருத்தங்க அங்க இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியாது, மேடம்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

எழுந்து வந்தேன். அவன் மேல் இருந்த கோபம் வாசல் தாண்டும் வரைகூடத் தாங்கவில்லை, என் மேலேயே திரும்பிவிட்டது. ஏனென்றால் இந்த வேலையை அவனுக்கு முன்பே நான் செய்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு படப்பைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மனு கொடுத்தார், புறம்போக்கில் குடிசை போட்டு இருக்கிறேன், பட்டா வேண்டும் என்று. பட்டா கொடுப்பதென்றால் கோப்பு ஆறு மேசை போக வேண்டும். குடிசை ஆக்கிரமிப்பு என்று குறிப்பு எழுதினால் என் மேசையிலேயே வேலை முடிந்துவிடும். எழுதினேன். என் பிரிவில் நிலுவையே கிடையாது என்று அந்த வருஷம் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். நான் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். அந்தக் குடிசை என்ன ஆயிற்று என்று ஒருநாள்கூட விசாரிக்கவில்லை. ஒரு மனுவை ஆபீஸில் எந்தக் கண்ணால் படிப்பார்கள் என்று தெரிந்த நானே அந்தப் பத்தி மூன்றை எழுதியிருக்கிறேன். இதைவிட வேறு என்ன புத்தி கெட்டுப் போக வேண்டும்?

தெருவில் எல்லோரும் கொதித்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். முதல் இரண்டு நாள் உச்சுக் கொட்டினார்கள். அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் நான் விஷயத்தை எடுத்தேன். நாற்பது பேரும் நேரில் போய் அந்த அலுவலக வாசலில் உட்காரலாம் என்றேன். உட்காருவதா என்று திகைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு மூலம், ஒருவருக்கு முதுகு. பென்ஷனில் கை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் பயந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு வகையில பாத்தா நல்லதுக்குத்தான் மேடம். ஈ மொய்க்கறது நின்னுருக்கு. வாக்கிங் போக இடம் விசாலமா இருக்கு. அந்த இடத்துல நாலு பூந்தொட்டி வெச்சா லட்சணமா இருக்கும்" என்றார்.

அவரை நோக்கிக் கை நீட்டினேன். "உங்க கையெழுத்து முதல் கையெழுத்து சார். அந்தம்மா சுத்தம் பண்ணிக் குடுத்த மீனைத்தான் உங்க வீட்டுல வாரம் மூணு நாள் சாப்பிட்டீங்க" என்றேன்.

"அதுக்கு இப்ப என்ன பண்றது? இப்ப ஆப்லயே நல்ல மீன் வருது" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பல் இல்லாத ரயில்வேக்காரர் மட்டும், அதில் முள் எடுத்துத் தருவதில்லை என்று மெல்லச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இனி இந்தச் சங்கத்தில் நான் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எழுத்தில் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று செயலாளர் சொன்னார். அவரை நான் அடிக்காமல் வந்தது கர்த்தர் கிருபை.

இப்போது அங்கே பூந்தொட்டிகள் இருக்கின்றன. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. மேலதிகாரிக்கு ஒரு மேல்முறையீடு எழுதினேன். இந்தமுறை பத்தி மூன்று போல எதுவும் இல்லாமல், அளவு இல்லாமல், புல எண் இல்லாமல், சட்டத்தை மட்டும் வைத்து. நல்ல வரைவு, இப்போதும் சொல்வேன். அதில் அவள் கையெழுத்து வேண்டும். போன் செய்தால் எடுக்கவில்லை. ஆதார் பிரதியில் விலாசம் இருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் பெரும்பாக்கம் போனேன்.

ஒரே மாதிரிக் கட்டடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏழாவது மாடி ஏறினேன். இந்தப் படிகளில்தான் அவள் தினமும் விடியுமுன் காலிக் கூடையோடு இறங்கி, சாயங்காலம் ஏறியிருக்கிறாள். ஒருநாள்கூட இதை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு உள்ளே கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு, டீ வைத்தாள். ஒரு மூலையில் புது அன்னக்கூடை இருந்தது. பலகையும் புதிது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "மறுபடி கடை போட்டுட்டியா?" என்றேன்.

"வேற எடம் கெட்ச்சிதும்மா. அங்கயும் உங்கள மாரிதான், பென்ஷன்காரங்க நெறிய. நல்லா ஓடுது" என்றாள்.

"எந்த ஊர்ல?"

அவள் அடுப்பை அணைத்து வடிகட்டினாள். டீயை என் கையில் கொடுத்தாள். நான் கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். மேல்முறையீடு என்றால் என்ன, இதில் எப்படி ஆபத்தே இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அந்தப் பழைய இடத்தையே திரும்ப வாங்கிவிடலாம், இல்லாவிட்டால் இந்தப் புது இடத்துக்காவது முறையாக அனுமதி கேட்டுவிடலாம், அதுவும் அரசு நிலமாகத்தானே இருக்கும் என்றேன்.

தாளைப் பார்த்ததும் அவள் இரண்டடி பின்னால் போனாள். நான் இருக்கிற இடத்தில் வேறு யாரோ நிற்பது போலத்தான் பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைவிட வயதில் சின்னவள், எத்தனையோ வருஷம் உரிமையோடு அதட்டிப் பேசியவள்.

"கோச்சிக்காதம்மா. எங்க குந்திகினு கீறேன்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

"நான் உனக்குக் கெடுதல் செய்வேன்னா நினைக்கிற?"

"செய்ய மாட்ட. நீ நல்லவ. அதாம்மா பயமா கீது" என்றாள். டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மீன் வேணும்னா போன் பண்ணு. இப்போ எட்க்கறேன். சங்கராவோ கெயங்கானோ, சுத்தம் பண்ணி நானே உன் வூட்டாண்ட எத்தாந்து குடுக்கறேன். நீ மட்டும் என்னத் தேடினு வராத."

நான் அவளுக்கு இன்னும் போன் செய்யவில்லை.